அல்போன்சம்மாள் வரி கட்டப் போன கதை

என் மாமியார் அல்போன்சம்மாளைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல எங்கள் மாதா கோவில் பங்கில் எத்தனையோ பேர் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அவரோடு ஒரே அடுப்பில் சமைத்தவர் இல்லை. நான் சமைத்திருக்கிறேன். சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில், இரண்டு பேர் ஒரே சமயத்தில் திரும்பினால் இடுப்போடு இடுப்பு இடிக்கிற சமையலறையில், அவர் போட்ட புளி போதாது என்று நானும் நான் போட்ட உப்பு அதிகம் என்று அவரும் வருஷக்கணக்கில் முணுமுணுத்திருக்கிறோம். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் காரம் இருக்கும். இருந்தாலும் அவரைப் போல ஒரு மனுஷியை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சண்டை போட்ட நினைப்பில் மறந்துவிடுவேன்.

குவீன்ஸ்டவுனுக்கு வருவதற்கு முன்னால் அத்தை இருந்தது தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். பழைய கடைவீடு, அதில் பல குடும்பங்கள். அத்தைக்குக் கீழ்த்தளத்துப் பின்னறையும் ஒரு அடுப்பங்கரையும் அதை ஒட்டிய கொல்லையும் கிடைத்திருந்தன. மாமா சவரிராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து அத்தையே பேசிவிடுவார் என்பதால் மாமா அதிகம் பேசமாட்டார். ஒரே மகன் எட்மண்ட். பிற்பாடு என் கழுத்தில் தாலி கட்டியவர்.

அந்த அடுப்பங்கரை மூலையில் ஒரு ஜாடி இருந்தது. சீனக்கடைகளில் உப்பு முட்டை வருமே, அந்தப் பழுப்பு நிற ஜாடிதான். ஆனால் பெரியது, இடுப்பு உயரம் இருக்கும். வாய்க்கு ஒரு வெள்ளைத்துணி கட்டி, துணிமேல் ஒரு தட்டு கவிழ்த்து, தட்டின்மேல் ஒரு ஜெபமாலை போட்டிருப்பார் அத்தை. ஜெபமாலை எதற்கு என்று கேட்டால், "எலி வராம இருக்க" என்பார்.

உள்ளே இருந்தது அன்னாசி வைன்.

இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பங்கில் கல்யாணம் என்றால் கோவிலில் பூசை முடிந்ததும் பக்கத்து ஹாலில் எல்லோரும் கூடுவோம். மாப்பிள்ளைத் தோழன் எழுந்து இரண்டு வார்த்தை பேசுவான். உடனே எல்லோரும் ஆளுக்கொரு சின்ன கிளாஸில் வைனைத் தூக்கிப் பிடித்து, மணமக்களை வாழ்த்திக் குடிக்க வேண்டும். வெள்ளைக்காரனிடம் எடுத்ததா, வெள்ளைக்கார வம்சம் கலந்த யூரேசியர்களிடம் எடுத்ததா, தெரியாது. எடுத்ததை அவர்களைவிட நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். அந்த வாழ்த்து இல்லாத கல்யாணம் பாதிக் கல்யாணம் என்கிற அளவுக்கு.

ஆனால் கடையில் விற்கிற போர்ட் வைன் பாட்டிலில் பாதிக்கு மேல் வரி. "பாட்டில் கவர்மெண்டுக்கு, மூடி நமக்கு" என்பார் மாமா. இல்லாதவர்கள் ஒரே ஒரு பாட்டில் வாங்கி, அதில் தண்ணீரையும் சிவப்பு சர்பத்தையும் கலந்து ஒப்பேற்றுவார்கள். ஜப்பான்காரன் சண்டை முடிந்து சில வருஷங்களில், ஐம்பதுகளின் தொடக்கத்தில், கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருகிற எங்கள் உபதேசியார் தன் மகளுக்குக் கல்யாணம் செய்தார். அவருக்கு அந்த ஒரு பாட்டிலுக்கும் வழியில்லை. பால் விடாத தேநீரை ஆறவைத்து கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். வந்தவர்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களின் பெயர்களையெல்லாம் அத்தை சாகும்வரை மறக்கவில்லை. அந்தக் கல்யாணப்பெண் தலையைக் குனிந்தவள் நிமிரவே இல்லையாம்.

அத்தை அப்போது ஒரு யூரேசிய அம்மாளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் வீட்டில் கிறிஸ்மஸுக்குப் பழத்தில் வைன் போடுவார்கள். மறுநாளே அத்தை போய்ப் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். அன்றுமுதல் எங்கள் பங்கில் எந்த ஏழை வீட்டுக் கல்யாணத்திலும் கிளாஸ் காலியாக இருந்ததில்லை, தேநீரும் ஊற்றப்பட்டதில்லை.

தேக்கா மார்க்கெட்டில் அன்னாசி விற்றவர் அஹமது கபீர் பாய். அத்தை ஒரு பழம் வாங்கினால் குழம்புக்கு, கூடை நிறைய வாங்கினால் எங்கள் பங்கில் கல்யாணம் என்று அவருக்குத் தெரியும். "யார் வீட்டுல, அல்போன்சக்கா?" என்று கேட்டுவிட்டு, பழத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி அவரே கொண்டுவந்து இறக்குவார். ஆனால் அடுப்பங்கரைப் படியைத் தாண்டமாட்டார். "நான் பழம் மட்டும்தான் விக்கிறேன். மத்தது எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புவார்.

பழத்தைத் தோலோடு நறுக்கி, சர்க்கரை, பட்டை, கிராம்பு, சோற்றைப் புளிக்கவைத்துத் ‘தப்பாய்’ என்று ஒரு பலகாரம் செய்வதற்கு மலாய்க்காரர்கள் போடுகிற ஈஸ்ட் வில்லை எல்லாம் சேர்த்து, கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி மூடிவிடுவார் அத்தை. பிறகு வாரக்கணக்கில் யாரும் அந்த மூலைக்குப் போகக் கூடாது. ஜாடி உள்ளே முணுமுணுக்கும். மாமா பேசாததற்கும் சேர்த்து அந்த ஜாடி பேசுகிறது என்று எட்மண்ட் கேலி செய்வார். கடைசியில் ஒரு நாள் அத்தை நீளக்கரண்டியை விட்டு ஒரு மடக்கு எடுத்து ருசி பார்ப்பார். கல்யாண வாழ்த்தைத் தவிர அவர் வாழ்நாளில் குடித்ததெல்லாம் அந்த ஒரு கரண்டிக் கணக்குதான். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. கல்யாணவீட்டார் சர்க்கரையும் காலி பாட்டிலும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கல்யாணத்தன்று ஹாலில் அத்தையை முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. மறைக்கவும் மாட்டார்.

வருஷம் போகப் போக வரி ஏறிக்கொண்டே போனது. சம்பள நாளன்று மாமா ஒரு பாட்டில் ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர், வாங்குவார். அது பிறகு சிநேகிதரோடு பங்கு போடுகிற பாட்டிலாயிற்று. கடைசியில் பாட்டிலே இல்லாமல் கள்ளுக்கடை வாசலில் நிற்கிற வரிசையாயிற்று. கள்ளுக்கும் கையில் இல்லாதவர்கள் சம்சு குடித்தார்கள். சம்சு என்றால் கள்ளத்தனமாகக் காய்ச்சுகிற அரிசிச் சாராயம். எதிர்வீட்டு மாணிக்கம் அதைக் குடித்துவிட்டு ஒரு வாரம் கண் தெரியாமல் கிடந்தார். பார்வை திரும்பியது, பாதிதான். அதன்பிறகு வரி இலாகா ஆட்கள் சந்து சந்தாக நுழைந்து, கம்பியால் குத்திப் பார்த்து, பீப்பாய்களை உடைத்தார்கள். அவர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் பக்கத்தில் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்ளும்.

அந்த வரி இலாகாவில்தான் எட்மண்டுக்கு வேலை கிடைத்தது.

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. காக்கிச் சட்டையை அவரே கஞ்சி போட்டுத் தேய்த்தார். தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு மகன் வேலைக்குப் புறப்பட்டால், அடுப்பங்கரையில் ஜாடி முணுமுணுக்கும். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சம்சு வேறு, கல்யாணத்துக்குப் போடுகிற வைன் வேறு என்பது அவருக்கு அவ்வளவு தெளிவு. சட்டத்துக்கு அந்தத் தெளிவு கிடையாது. உரிமம் இல்லாமல் புளிக்க வைத்தால் எல்லாம் ஒன்றுதான்.

"அம்மா, நான் போய் மத்தவங்க வீட்டுப் பீப்பாயை உடைக்கிறேன். என் வீட்டுலயே இது இருக்குன்னு தெரிஞ்சா வேலை போயிடும்மா" என்றார் எட்மண்ட்.

"ஊர்ல எல்லா பிள்ளைங்க கல்யாணத்துக்கும் ஊத்தியிருக்கேன். பெத்த பிள்ளை கல்யாணத்துக்கு ஊத்தாம விடுவேனாடா? உன் கல்யாணத்தோட நிறுத்திடறேன். மாதா மேல சத்தியம்" என்றார் அத்தை.

அவருக்கு அதுதான் ஆசை. அது ஒன்றுதான். மகனுடைய கல்யாண மேசையில் தன் கையால் போட்டது இருக்க வேண்டும். அந்தக் கல்யாணப்பெண் நான் என்பதால், இந்த விவகாரத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்து சேர்ந்தது.

எனக்கும் எட்மண்டுக்கும் அறுபத்திரண்டாம் வருஷம், ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் கல்யாணம் என்று நிச்சயமானது. நான் டெலிபோன் இணைப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எட்மண்ட் கோவில் பாட்டுக்குழுவில் எனக்கு இரண்டு வரிசை பின்னால் நின்று சுருதி தவறிப் பாடுவார். அத்தை தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் கழிந்ததும் ஜாடியை நிரப்பிவிட்டார். எட்மண்ட் அந்தத் தவக்காலம் முழுவதும் அடுப்பங்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. தண்ணீர் குடிக்கக்கூட கோப்பிக்கடைக்குப் போனார் என்று பிறகு சொன்னார்.

பாஸ்குக்கு முந்தின பெரிய வாரம் வந்தது. பாஸ்குக்கு முன்னால் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது எங்கள் கடன்; அதற்கு அத்தை பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனார். அங்கே பேசியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். "ரகசியம் காக்க வேண்டியது சாமியார். நான் இல்லை" என்று அத்தையே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த சின்னச் சாமியார் ஒருவர் அன்று பெட்டியில் உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூரும் புதிது, வரியும் தெரியாது. மகனுடைய உத்தியோகத்துக்கு ஆகாததை வீட்டில் வைத்திருக்கிறேன், வரி கட்டாத வைன் போட்டிருக்கிறேன் என்று அத்தை சொல்லியிருக்கிறார். "அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதைக் கட்டிடுங்கம்மா. அதுதான் பரிகாரம்" என்று சொல்லிவிட்டு சாமியார் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் அதை ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள். அத்தைக்கோ வானமே திறந்த மாதிரி ஆகிவிட்டது. வரி கட்டிவிட்டால் குற்றம் இல்லை. குற்றம் இல்லையென்றால் மகன் வேலைக்கு ஆபத்து இல்லை. ஜாடி மேசைக்கு வரலாம். இத்தனை சுலபமான வழி இருக்க, படித்த பிள்ளைக்கு ஏன் தோன்றவில்லை?

பெரிய வியாழக்கிழமை காலையில் அத்தை கோவிலுக்குக் கட்டுகிற பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, ஒரு பாட்டில் அன்னாசி வைனைப் பிரம்புக்கூடையில் வைத்து, பஸ் ஏறி வரி இலாகா ஆபீசுக்குப் போனார். மகனிடம் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபிறகு ரசீதைக் காட்டி அசத்தலாம் என்று எண்ணம்.

கவுண்டரில் இருந்தவர் ஒரு சீனக் குமாஸ்தா. பேச்செல்லாம் கடைத்தெருவில் பேசுகிற பசார் மலாயில். அத்தை பாட்டிலை எடுத்து வைத்து, "இதுக்கு வரி கட்டணும்" என்றார்.

"எந்த நாட்டுச் சரக்கு?"

"தேக்கா."

"எந்தக் கப்பலில் வந்தது?"

"கப்பல் எதுக்கு? கபீர் பாய் தள்ளுவண்டியில வந்துச்சு."

குமாஸ்தா எழுந்து உள்ளே போய்விட்டார். வந்தது சேதுபதி. எட்மண்டுடைய மேலதிகாரி. நெற்றியில் திருநீறு, பேச்சில் கண்டிப்பு. சம்சு காய்ச்சுகிறவர்கள் அவர் பெயரைக் கேட்டாலே பீப்பாயைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவர் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு மூடினார்.

"அம்மா, இது என்னன்னு தெரிஞ்சுதான் கொண்டாந்தீங்களா?"

"தெரியாமயா? நானே போட்டதுங்க."

"விக்கிறீங்களா?"

"சேசுவே! இல்லைங்க. வீட்டுல கல்யாணம். மேசையில வைக்க."

"வரி வாங்கணும்னா லைசென்ஸ் இருக்கணும். லைசென்ஸ் ஃபேக்டரிக்குத்தான் குடுப்போம். பாய்லர், டேங்கு, பக்கத்துலயே இருந்து பார்த்துக்க எங்க ஆபீசர் ஒருத்தர், இதெல்லாம் வேணும். உங்ககிட்ட என்ன இருக்கு?"

"ஜாடி இருக்குங்க. ஆபீசரும் வீட்டுலயே..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு நிலைமை உறைத்திருக்கிறது. வந்து நிற்பது வரி கட்டுகிற இடத்தில் இல்லை, மாட்டிக்கொள்கிற இடத்தில். "ஒரு ஜாடிக்கு ஒரு லைசென்ஸ் குடுக்க முடியாதுங்களா? சின்னதா?" என்று கேட்டுப் பார்த்தார். சேதுபதி பெயரும் விலாசமும் கேட்டார். அத்தை வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார். பிள்ளைகள் உண்டா என்றார் சேதுபதி. அத்தை முந்தின நாள்தான் பாவசங்கீர்த்தனம் பண்ணியிருந்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மை சொன்னால் மகன் வேலை போய்விடும். அத்தை வாயை மூடிக்கொண்டு நின்றார். என் மாமியார் வாயை மூடிக்கொண்டு நின்றார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் பார்த்து எட்மண்ட் உள்ளே நுழைந்தார், காக்கிச் சட்டையோடு, கையில் ஃபைலோடு.

அத்தை மகனைப் பார்த்தார். பார்த்த மறுகணம் முகத்தைத் தூக்கி மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். யாரோ எவரோ என்பது போல.

எட்மண்ட் இதை என்னிடம் கல்யாணமான புதிதில் சொன்னார். "ஒரு செகண்டு திரும்பிப் போயிடலாம்னு தோணுச்சு, உர்சுலா. யாருக்கும் தெரியாது. ஆனா அவங்க ஃபேனையே பார்த்துட்டு நின்னாங்க. எனக்காகத்தான் அப்படி நிக்கிறாங்கன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எப்படிப் போறது?"

போகவில்லை. நேரே கவுண்டருக்கு வந்து, "அம்மா, இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார், எல்லோருக்கும் கேட்கும்படியாக. அவரைக் கட்டிக்கொண்டதில் எனக்கு எத்தனையோ குறை உண்டு. அந்த ஒரு வார்த்தைக்காக எல்லாவற்றையும் மன்னித்திருக்கிறேன்.

சேதுபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாராம். பிறகு நாற்காலியை இழுத்து அத்தையை உட்காரச் சொன்னார்.

"வரி கட்ட வந்தவங்க மேல கேஸ் போட்டா என்னைப் பார்த்து ஊரே சிரிக்கும் லா. தெரிஞ்சும் சும்மா விடவும் முடியாது. சாயங்காலம் நானே வரேன். என் கண்ணு முன்னாடி ஜாடி காலியாகணும். அதோட இது முடிஞ்சுது."

சாயங்காலம் சொன்னபடி வந்தார். அதற்குள் செய்தி எங்கள் தெருவரை வந்துவிட்டது. "வரிக்காரன் வீட்டுலயே சாராயமா? இந்தச் சம்பந்தம் நமக்கு வேணுமா?" என்று என் அப்பா குதித்தார். நான் அழுதேன். பிறகு யாருக்கும் தெரியாமல் அந்தச் சந்துக்கு ஓடினேன். வாசலில் கூட்டம். கொல்லையில் ஜாடியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எட்மண்ட் குனிந்து ஜாடியைத் தூக்கப் போனார்.

"நீ விடுடா. நான் போட்டது, நானே ஊத்துறேன்" என்றார் அத்தை.

தட்டையும் துணியையும் எடுத்தார். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். நீளக்கரண்டியை விட்டு ஒரு மடக்கு எடுத்து வாயில் வைத்தார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"நல்லா வந்திருக்கு. இதுவரைக்கும் போட்டதுல இதுதான் நல்லா வந்திருக்கு" என்றார்.

பிறகு ஜாடியைச் சாய்த்தார். பொன்னிறத்தில் அது சாக்கடை வழியாக ஓடியது. சந்து முழுக்க அன்னாசியும் கிராம்பும் மணந்தன. கூட்டத்தில் மாணிக்கம் மட்டும், "ஐயோ, ஐயோ" என்றார். சேதுபதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எட்மண்டின் கண் கலங்கியிருந்தது. அத்தை அழவில்லை. என் கல்யாணத்துக்காக ஒரு மனுஷி தவக்காலம் முழுவதும் காத்து வைத்ததை என் கண்ணெதிரே அவரே சாக்கடையில் ஊற்றுகிறார். அன்றுதான் நான் அவருக்கு மருமகளானேன் என்று நினைக்கிறேன். தாலி கட்டியது பிறகு.

சேதுபதி புறப்படும்போது அத்தை வாசல்வரை போனார். கல்யாணம் நிச்சயமான வீட்டுக்கு யார் வந்தாலும் அழைக்காமல் அனுப்பக் கூடாது என்பது அவர் சட்டம். "கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்துடுங்க" என்றார். சேதுபதி தலையை ஆட்டிவிட்டுப் போனார். வரிக்காரரையே கல்யாணத்துக்கு அழைத்தாயிற்று என்று கேட்டதும் என் அப்பாவின் குதிப்பும் அடங்கிற்று.

கல்யாண வாரம் எட்மண்ட் வரி கட்டிய போர்ட் வைன் இரண்டு பாட்டில் வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். அத்தை அவற்றைத் துடைத்து ஓரமாக வைத்தார். வியாழக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்க் கூடை நிறைய அன்னாசி வாங்கினார். கபீர் பாயே பயந்துவிட்டார்.

"வேணாம்க்கா. மறுபடியுமா?"

"ஜூஸ், பாய். பிள்ளைங்க குடிக்க ஜூஸ். ஜூஸுக்கு வரி இல்லையாம், கேட்டுட்டேன்."

அன்று மதியமே பிழிந்து, சர்க்கரை போட்டு, பட்டை கிராம்பு தட்டிப்போட்டு, அதே ஜாடியில் ஊற்றி, அதே துணியைக் கட்டினார். கல்யாணம் சனிக்கிழமை. ஏன் வியாழக்கிழமையே என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை வேலை தலைக்குமேல் இருக்கும் என்றாராம். ஈஸ்ட் வில்லை போடவில்லை. அதை எட்மண்ட் பக்கத்திலேயே நின்று பார்த்தார். எப்போதும் ஜாடியை வெந்நீரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகுதான் அடுத்த பழத்தைப் போடுவார். இந்தத் தடவை பச்சைத்தண்ணீர் விட்டு ஒரு அலசு அலசியதோடு சரி. பக்கத்தில் நின்ற எட்மண்டுக்கும் அது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

பூசை முடிந்து ஹாலுக்கு வந்தோம். சேதுபதி மனைவியோடு வந்து, ஆபீஸ் ஆட்களோடு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளைத் தோழன் தங்கராஜு எழுந்து, எட்மண்டின் பாட்டைப் பற்றி இரண்டு கேலி சொல்லிவிட்டு, போர்ட் பாட்டிலைத் திறக்கப் போனான். எட்மண்ட் அவன் கையைப் பிடித்தார்.

"அதை வை. அம்மா பிழிஞ்சது இருக்கு. அதை ஊத்து."

அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாக்கடையில் ஊற்றிய அன்று வராத கண்ணீர் அப்போது வந்தது.

எல்லோருக்கும் கிளாஸ் போயிற்று. கபீர் பாய் கிளாஸை மூக்குவரை கொண்டுபோய்விட்டு, அப்படியே கீழே வைத்து, தனக்குத் தேநீர் போதும் என்றார். எனக்கு அது புரியவில்லை. நான் கிளாஸைத் தூக்கினேன். உள்ளே சின்னச் சின்னக் குமிழி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மிடறு குடித்தேன். நாக்கில் சுருக்கென்று ஏறி, மூக்கைச் சீண்டி, தொண்டையில் கதகதவென்று இறங்கியது. மேசைக்கடியில் எட்மண்ட் என் காலை மிதித்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. நம் ஊர் வெயிலில், வருஷக்கணக்காக வைன் குடித்து ஊறிய ஜாடியில், இரண்டு நாள் கிடந்த ஜூஸ் சும்மா இருக்குமா?

ஆபீஸ் ஆட்கள் குடித்த கிளாஸைக் கையில் பிடித்தபடி சேதுபதியைப் பார்த்தார்கள். அவர் ஒரு மிடறு குடித்து, வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். அத்தை கொல்லையில் செய்தாரே, அதே மாதிரி.

"என்னங்கம்மா இது?"

அத்தை எழுந்து நின்றார். "அன்னாசி ஜூஸுங்க. வியாழக்கிழமை பிழிஞ்சது."

சேதுபதி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குமிழி ஏறுவது எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாதா? இன்னொரு மிடறு குடித்தார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"லைசென்ஸ் கேக்க இங்க பாய்லர் இல்ல, டேங்கு இல்ல. ஜூஸ்தான் லா. குடிங்க."

ஹாலே சிரித்தது. அவர் கிளாஸை நீட்டி இன்னொரு தடவை வாங்கிக் குடித்தார். அந்தச் சத்தத்தையெல்லாம் இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்த ஹால் இல்லை, அந்தச் சந்து இல்லை, அதில் இருந்தவர்களில் பாதிப்பேர் இல்லை. அந்தக் கதகதப்பு மட்டும் தொண்டையில் அப்படியே இருக்கிறது.

அத்தை சத்தியத்தைக் காப்பாற்றினார். அதன்பிறகு வைன் போடவில்லை. சனிக்கிழமைக் கல்யாணங்களுக்கு வியாழக்கிழமை ஜூஸ் பிழிந்து கொடுத்தார், அவ்வளவுதான். குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு மாறியபோது அந்த ஜாடியும் லாரியில் வந்து, எங்கள் சமையலறையில் எனக்கு நிற்க இருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. அதில் அரிசி போட்டு வைக்கலாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அறுபத்தொன்பதில் அத்தை படுத்த படுக்கையானார். ஆஸ்பத்திரிக்குச் சாமியார் வந்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, சாகக் கிடக்கிறவர்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதலும் கொடுத்துவிட்டுப் போனார். முன்பு பரிகாரம் சொன்ன அதே சாமியார்தான். இப்போது தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அவர் போனதும் நான் உள்ளே போய் உட்கார்ந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏழு வருஷமாக மனதில் வைத்திருந்ததை அன்று கேட்டுவிட்டேன்.

"அத்தை, எங்க கல்யாணத்துக்கு ஜாடியை வேணும்னுதானே சரியா கழுவாம விட்டீங்க?"

அத்தை கண்ணைத் திறக்கவில்லை. உதட்டில் மட்டும் சிரிப்பு வந்தது.

"நான் பழத்தைப் பிழிஞ்சேன். ஜாடியில ஊத்தினேன். துணியைக் கட்டினேன். மத்தது சர்வேசுரன் வேலை."

"இப்ப சாமியார்கிட்ட அதைச் சொன்னீங்களா, இல்லையா?"

"சர்வேசுரன் செஞ்சதுக்கு நான் ஏண்டி பாவசங்கீர்த்தனம் பண்ணணும்?"